பெரிய பூனை

ஓய்வு பெற்றவனைத் தேடி இளையவர்கள் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். பழைய கோப்பு ஒன்று காணாமல் போயிருக்கும், அல்லது கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை ஒன்று காலியாக இருக்கும். போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்த கவிதா மூன்றாவதாக ஒரு காரணத்தோடு வந்தார். நான் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டிய அதே கண்டி வனவிலங்குக் கந்தோரில் இப்போது அவர் உத்தியோகத்தர். என்னைப் போலவே நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் என்னிடம் கொஞ்சம் உரிமையும் எடுத்துக்கொள்வார்.

காட்டு விலங்கு ஊருக்குள் வந்தால் மக்கள் தகவல் சொல்வதற்குப் புதிதாக ஒரு டெலிபோன் இலக்கம் வரப்போகிறதாம். அழைப்பை எடுப்பவர் முன்னால் விலங்குகளின் பெயர்கள் மூன்று மொழியிலும் இருக்கும். சொல்லும் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி போட்டால் போதும். தமிழ்ப் பெயர்களை நான் சரிபார்த்துத் தரவேண்டும்.

"ஐயா, இதுல சிறுத்தைன்னு போட்டிருக்கோம். தோட்டத்துல யாரும் அப்படிச் சொல்றதில்லையே. புலின்னே போட்டுரலாமா?"

நான் தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதன் செத்தான். அதில் என் பங்கு என்ன என்பதைப் போன கிழமை வரை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. இனி மறைத்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

நான் ரயில்வேயில் சேர ஆசைப்பட்டவன். நாவலப்பிட்டிப் பையன்கள் எல்லோருக்கும் அந்த ஆசை இருக்கும். அது கிடைக்கவில்லை. சிங்களமும் தமிழும் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதற்காக வனவிலங்குக் கந்தோரில் எடுத்தார்கள். பயிற்சி என்று சொன்னால், முதல் இரண்டு வருடம் ஜீப் கழுவினேன், கூண்டு கழுவினேன், நக்கிள்ஸ் மலைக்காட்டில் அட்டைகளுக்கு இரத்த தானம் செய்தேன். அதற்குப் பிறகு மிருக வைத்தியருக்கு உதவியாளாகப் போட்டார்கள். என் உத்தியோகம் அன்றுதான் தொடங்கியது.

டொக்டர் ஒரு சிங்களவர், கண்டிக்காரர், குறைவாகப் பேசுகிறவர். அவருக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும்: மெதுவா, தள்ளு, சரி. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அரை நூறு தேயிலைத் தோட்டங்களைச் சமாளித்தார். மீதிக்கு நான் இருந்தேன். தோட்டத்து ஆட்கள் சொல்வதை அவருக்குச் சிங்களத்தில் சொல்வதும், அவர் சொல்வதை இவர்களுக்குத் தமிழில் சொல்வதும், கந்தோரில் டெலிபோன் எடுத்துத் தகவல் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் அவர் எந்தப் பெட்டியை ஜீப்பில் ஏற்றுவது என்று முடிவு செய்வார்.

பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதன்முதலாகச் சுருக்குக் கம்பியில் மாட்டிய சிறுத்தையைப் பார்த்தேன். பெயர் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டுக் காட்டில் வரிப்புலி இல்லை. இருப்பது சிறுத்தை. மலையகத்தில் அதைத்தான் புலி என்போம். அதைப் பிடிக்க யாரும் கம்பி வைப்பதில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கிறார்கள். பழைய பைசிக்கிள், மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு சுருக்கு போட்டு, தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பன்றி வரும் வழியில் கட்டிவிடுவார்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை இடுப்பைக் கொடுக்கும். உதற உதறக் கம்பி இறுகும்.

டொக்டர் ஜீப்பை அரை மைலுக்கு அப்பாலேயே நிறுத்தச் சொன்னார். கதவைக்கூட அடிக்காமல் சாத்தினோம். முதல் வேலை ஆட்களை ஒதுக்குவது. நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றால் மிருகம் உதறியே செத்துப்போகும். கம்பி கொல்வதைவிடப் பயம் சீக்கிரம் கொன்றுவிடும் என்பார். இரண்டாவது, கம்பி எதில் கட்டியிருக்கிறது, எத்தனை இழை பிரிந்திருக்கிறது என்று தூரக்கண்ணாடியில் பார்ப்பது. மூன்றாவது, கண்ணால் எடை போடுவது. மயக்க மருந்து கூடினால் மூச்சு நிற்கும், குறைந்தால் பாதியில் எழும்பும். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் தருவார். அது என் கைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் குனிந்து குனிந்து போய்த் தொடையில் துப்பாக்கியால் ஊசியைச் சுட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம் கையால் காட்டினேன். நீளமான கம்பால் காதைத் தொட்டார். காது அசையவில்லை. ஈரத்துணியால் கண்ணை மூடினார். எல்லாம் முடிந்த பிறகுதான் கம்பியை வெட்டினார். கம்பியை முதலில் வெட்டினால் நீ செத்தாய் என்று எனக்குச் சொல்லியிருந்தார்.

அந்தச் சிறுத்தை பிழைத்தது. இரண்டு நாள் கூண்டில் வைத்திருந்து மேல்காட்டில் விட்டோம்.

திரும்பி வரும்போது டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மிருகம் பிழைத்தாலும் செத்தாலும் ஜீப்பில் ஏறியதும் அதைத்தான் கேட்பார்: "நாம் எந்த இடத்தில் பிந்தினோம்?" பிந்தவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லியாக வேண்டும். அன்று, ஆட்களை ஒதுக்குவதில் மட்டும் பிந்தவில்லை என்று சொன்னேன். அதற்குக் காரணம் மாரிமுத்து.

மாரிமுத்து அந்தத் தோட்டத்து வாச்சர், காவல்காரர். ஒல்லியான ஆள். சட்டைக்கு மேலே முழங்கால் வரை தொங்கும் மழைக்கோட்டு, கையில் தேயிலைச் செடியில் வெட்டிய ஒரு கவ்வாத்துக் குச்சி. அந்தக் குச்சியை மட்டும் குறுக்கே பிடித்துக்கொண்டு நாங்கள் வருவதற்குள் மூன்று லயத்து வரிசை வீட்டுச் சனத்தையும் கீழ் ரோட்டுக்கு இறக்கிவிட்டிருந்தார். "இந்த ஆள் பத்து பொலிஸுக்குச் சமம்" என்று டொக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அட போங்கய்யா, நம்ம சனந்தானே" என்று வெட்கப்பட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "அடுத்த வாட்டி மாட்டுச்சுன்னா நா என்னங்கய்யா செய்யணும்?"

"மூணே மூணு. சனத்தைக் கிட்ட விடாதீங்க. கம்பியில கை வைக்காதீங்க. உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்க."

"உசுரு போனாலும் செஞ்சிர்றேன்" என்றார். எல்லோரும் சொல்கிற பேச்சுத்தான் அது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் மனைவி செல்லம்மா சுட்ட முறுக்கு அந்தத் தோட்டத்து லொறியில் ஏறி எங்கள் கந்தோருக்கு வந்துசேரும்.

இனிச் சொல்லின் கதை. யுத்த காலத்தில் புலி என்ற சொல் எங்களிடமிருந்து பறிபோனது. வடக்கே நடந்த சண்டையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏறியிருந்தது. தமிழன் ஒருவன் கண்டி பஸ்ஸில் அதை உரக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போக முடியாது. சிங்களத்தில் பேச்சுக்கு ஒரு சொல், எழுத்துக்கு ஒரு சொல் என்று இரண்டு இருந்தன. அவர்கள் எழுத்துச் சொல்லை வைத்துச் சமாளித்தார்கள். எங்களுக்கு வாயில் இருந்தது ஒன்றுதான்.

தெல்தெனிய பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் கடை டெலிபோனில் எனக்குத் தகவல் சொன்னார். "ஐயா, லயத்துக்குப் பின்னாடி ரெண்டு புலி படுத்திருக்குங்க." கடையில் நின்ற யாரோ அரைகுறைத் தமிழில் அதைக் கேட்டு, முழுதாகப் போய்ப் பொலிஸில் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அந்த லயத்திலிருந்து மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் டொக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். பையிலிருந்து சாந்தில் வார்த்த சிறுத்தைக் காலடி அச்சு ஒன்றை எடுத்துப் பொறுப்பதிகாரியின் மேசையில் வைத்தார்.

"இவர்கள் சொன்ன புலி இதுதான். இதற்கு அடையாள அட்டை கிடையாது" என்றார்.

அதிகாரி சிரித்தார். ஆட்களை விட்டார்கள். அதில் ஒருவருக்கு இடது காது பிறகு கேட்கவேயில்லை. தகவலை வாங்கியது நான். எனக்குச் சொல்லப்போய்த்தான் அந்த மனிதனின் காது போனது.

அதற்குப் பிறகுதான் நான் புத்திசாலியானேன். தோட்டம் தோட்டமாகப் போகும்போது ஆட்களிடம் சொல்லி வைத்தேன்: டெலிபோனில் அந்தச் சொல் வேண்டாம். சிறுத்தை என்று சொல்லுங்கள். சொல்லிப் பார்த்தார்கள். அது புத்தகச் சொல், வாய்க்குள் நிற்கவில்லை. "சிறுத்தப்புலி" என்றுதான் வந்தது. சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைக்கே வந்து நின்றோம்.

"அப்ப பெரிய பூனைன்னு சொல்லுங்க. எனக்கு விளங்கும்" என்றேன்.

சிரித்தார்கள். மாரிமுத்துதான் அதிகம் சிரித்தார். "புலியப் பூனையாக்கிப்புட்டீங்களேய்யா" என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டில்கூட அந்தச் சொல்தான் என்று செல்லம்மா சொன்னார். டொக்டரிடம் இந்த ஏற்பாட்டை நான் சொல்லவில்லை. தமிழ் ஆட்களுக்குள் ஒரு இரகசியச் சொல் இருக்கிறது என்று அந்த நாளில் எந்த வாயால் போய்ச் சொல்வது? நல்ல மனிதர்தான். ஆனாலும் பயம்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் மான் இறைச்சி வழக்கொன்றுக்குக் கடிதம் வாங்க வந்து, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டெலிபோன் அடித்தது. மாரிமுத்துவின் தோட்டத்து ஆபீஸ். பேசியவர் புதிதாக வந்த கிளார்க்.

"ஐயா, எங்க வாச்சர் சொல்லி அனுப்பியிருக்காரு. பூனை ஒண்ணு கம்பியில மாட்டியிருக்காம்."

"பெருசா?" என்றேன்.

"தெரியலீங்க. வாச்சர் சம்சாரம் வந்து சொல்லுது. பூனைன்னுதான் சொல்லுது. இங்கதான் நிக்குது."

அவரிடம் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். செல்லம்மாவிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். நான் தமிழில் பேசத் தொடங்கியதுமே சார்ஜன்ட் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். சும்மா பார்த்தாரோ என்னவோ. அந்தக் காலத்தில் சும்மா பார்ப்பது என்று ஒன்று எங்களுக்குத் தெரியாது. செல்லம்மா லைனுக்கு வந்தால் புலியா என்று நான் கேட்டாக வேண்டும். அவரும் ஆமாம், புலி என்று சொல்லியாக வேண்டும். தெல்தெனியக்காரரின் காது நினைவுக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அவருடைய காது அல்ல, என் காதாகத்தான் எனக்குத் தெரிந்தது.

"சரி, ஆள் அனுப்புறோம்" என்று சொல்லி டெலிபோனை வைத்தேன். தகவல் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினேன்: காட்டுப்பூனை, கம்பியில், பன்வில பக்கம்.

டொக்டர் வெளியே வந்து, நின்றபடியே புத்தகத்தைப் படித்தார். அன்று விக்டோரியா நீர்த்தேக்கத்துச் சேற்றில் மரைமான் ஒன்று புதைந்திருந்தது. அவர் தெல்தெனியவுக்குப் போகவேண்டும். "பூனைக்கு நீயே போதும். சாக்கும் கையுறையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போ" என்றார். மயக்க ஊசித் துப்பாக்கி ஜீப்போடு கிழக்கே போனது. என் சந்தேகத்தைச் சொல்ல வாயெடுத்தேன். சார்ஜன்ட் இன்னும் உட்கார்ந்திருந்தார். பூனையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்கு இந்த ஆறுதல் எப்போதும் கைவசம் இருக்கும்.

பஸ் பிடித்து, கொழுந்து லொறியில் தொற்றி, மேல் மலைக்கு நடந்து போய்ச் சேரப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. ஓடையை ஒட்டிய கீழ் ரோட்டில் சனம் நின்றது. அதற்கும் காட்டுக்கும் நடுவே, ஒரு பாறையில், மிருகத்துக்கு முதுகையும் சனத்துக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு மாரிமுத்து உட்கார்ந்திருந்தார். குச்சியைக் குறுக்கே மடியில் வைத்திருந்தார். விடியற்காலை ஆறு மணியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அவருக்குப் பின்னால் இருபது கஜத் தூரத்தில் சிறுத்தை கிடந்தது. வளர்ந்த பெட்டை. கம்பி இடுப்பில் தோலைப் பிளந்து உள்ளே போயிருந்தது. சுற்றிலும் புல்லே இல்லாமல் மண் கிளறிக் கிடந்தது.

மாரிமுத்து என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பார்த்தார்.

"சாக்கா கொண்டாந்தீங்க?"

நான் சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"டொக்டரையா எங்கங்க? பூனைன்னு சொல்லி அனுப்பினேனே. உங்களுக்கு வெளங்கும்னீங்களே."

"வருவாரு" என்றேன். வேறென்ன சொல்ல? லொறியிலிருந்து என்னோடு மேலே வந்த பையனை ஆபீசுக்கு ஓடவிட்டு, தெல்தெனியவுக்கு டெலிபோன் போடச் சொன்னேன். டொக்டர் நீர்த்தேக்கத்துக் கரையில் இருந்தார். பொலிஸ் மூலம் தகவல் போய் அவர் புறப்படவே இரண்டு மணியாயிற்று.

நான் தூரக்கண்ணாடியில் கம்பியைப் பார்த்தேன். முறுக்கிய இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து விரிந்திருந்தன. அது இரவெல்லாம் ஒரே இடத்தில் கல்லில் உரசியிருக்கிறது. அந்த நிமிடமே மாரிமுத்துவைக் கீழே வரச்சொல்ல வேண்டும். சொன்னேன். "நா எறங்குனா சனம் ஏறிரும்ங்கய்யா. கல்லெடுத்துக்கிட்டு நிக்கிறானுக பாருங்க" என்றார். அது உண்மை. நானும் அவர் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். போகவில்லை. ரோட்டில் நின்று சனத்தை அதட்டினேன். அதுவும் வேலைதான் என்று வையுங்கள்.

இரண்டே முக்காலுக்கு மழை இறங்கியது. இடி ஒன்று விழுந்தது. சிறுத்தை எழும்பிப் பாய்ந்தது. கம்பி அறுந்த சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அது காட்டுக்குப் போகவில்லை. சரிவில் கீழ்நோக்கி, சனத்தைப் பார்த்து வந்தது. நடுவில் மாரிமுத்து. ஓடியிருந்தால் அது அவரைத் தாண்டிச் சனத்துக்குள் விழுந்திருக்கும். அவர் குச்சியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்தார். சனத்தைப் பிடிப்பது போலவே பிடித்தார்.

நாலைந்து நொடிதான். கழுத்தில் ஒரே கடி. பிறகு அது அவரை விட்டுவிட்டு, தன் உடம்பை ஐந்தாறு அடி இழுத்துக்கொண்டு போய்ப் படுத்தது. பின்கால் இரண்டும் அதோடு செத்துப்போயின. மாரிமுத்துவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறியில் ஏற்றினோம். தலையை என் மடியில் வைத்திருந்தேன். வத்தேகம தாண்டுவதற்குள் கை குளிர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று முப்பது வருடமாக நினைத்துப் பார்க்கிறேன்.

லொறியைத் திருப்பி நான் மறுபடி மேலே போனபோது டொக்டர் சிறுத்தையின் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அது யார் கையும் படாமலே செத்திருந்தது. மடியில் பால் இருந்தது. குட்டிகளைத் தேடி மூன்று நாள் அலைந்தோம், கிடைக்கவில்லை. டொக்டர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்கும் பிறகுதான் உறைத்தது.

ஜீப்பில் ஏறியதும் கேட்டார். "நாம் எந்த இடத்தில் பிந்தினோம்?"

"தகவல் பிழை, சேர்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதேயில்லை. இடமாற்றம் வாங்கிக்கொண்டு தெற்கே போய், அங்கேயே இறந்தார்.

விசாரணை பத்து நாள் கழித்துத் தோட்டத்து ஆபீசில் நடந்தது. விசாரிக்க வந்தவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும். வேறு யார்? நான்தான்.

செல்லம்மா வெள்ளைச் சேலையில் வந்து நின்றார். அவர் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். அன்று ஆபீஸ் வாசலில் ஆமிக்காரர்களின் லொறி ஒன்று நின்றிருந்தது, அவர்கள் அங்கே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே போய்க் கிளார்க்கிடம் பூனை மாட்டியிருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான்.

விசாரணை அதிகாரி கேட்டார்: "கண்ணால் பார்த்தது சிறுத்தை. ஏன் பூனை என்று சொன்னாய்?"

அதை நான் தமிழில் கேட்டேன். "ஏம்மா பூனைன்னு சொன்னீங்க?" என் வாயால்தான் கேட்டேன்.

செல்லம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அறையில் இருந்தவர்களில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தெரியாதுங்க" என்றார்.

அவருக்குத் தெரியாதாம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். "வாச்சர் விலங்கைத் தவறாகக் குறிப்பிட்டுத் தகவல் அனுப்பியதால் தாமதம் ஏற்பட்டது" என்று அறிக்கையில் எழுதினார்கள். தமிழ்ப் பிரதி என் கையெழுத்தில் இருக்கிறது. காட்டையே கரைத்துக் குடித்த மாரிமுத்துவுக்குப் பூனைக்கும் புலிக்கும் வித்தியாசம் தெரியாது என்று நான் எழுதிக் கையொப்பமும் வைத்தேன். அடுத்த தீபாவளிக்கு முறுக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, தெரியவில்லை.

அதற்குப் பிறகும் வேலை பார்த்தேன். எத்தனையோ கம்பி வெட்டினேன். பிழைத்தவையும் உண்டு, சாகக் கொடுத்தவையும் உண்டு. யுத்தமும் ஒருநாள் முடிந்தது. அந்தத் தோட்டத்துப் பக்கம் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்பினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன கிழமை கவிதா மறுபடி வந்தார். புது இலக்கத்தைப் பற்றித் தோட்டத்தில் கூட்டம், நீங்களும் வாங்க ஐயா, பழைய ஆட்களுக்கு உங்களைத் தெரியும் என்றார். எந்தத் தோட்டம் என்று ஜீப்பில் ஏறிய பிறகுதான் சொன்னார். இறங்கியிருக்கலாம். இந்த வயதில் இறங்கி எங்கே ஓடுவது?

பிள்ளைமடுவத்தில் கூட்டம். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். சின்னச் சின்னக் கதிரைகளில் பெரிய ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். கவிதா தாளைத் தூக்கிக் காட்டி விளக்கினார். பிறகு, இப்போது ஏதாவது விலங்குத் தொல்லை இருந்தால் சொல்லுங்கள், இங்கேயே எழுதிப் பார்ப்போம் என்றார்.

பின்வரிசையில் ஒரு வயதான அம்மா எழுந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"எங்க லயத்துக்குப் பின்னாடி பூனை ஒண்ணு வருதுங்க. நேத்து நாயத் தூக்கிட்டுப் போயிருச்சு."

கவிதா தலையாட்டிக்கொண்டே பேனையை எடுத்தார். பட்டியலில் காட்டுப்பூனைக்கு நேரே புள்ளடி போடக் குனிந்தார்.

நான் எழுந்துவிட்டேன். "கவிதா, அதைப் போடாதீங்க. அது பூனை இல்ல."

"அந்தம்மா பூனைன்னுதானேய்யா சொல்றாங்க?"

"அவங்க புலியைச் சொல்றாங்க. அந்தச் சொல்லை அவங்களுக்குக் குடுத்தது நான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நின்றபடியே. பொலிஸ், காது, பெரிய பூனை, சார்ஜன்ட், கிளார்க், நான் கேட்காமல் வைத்த டெலிபோன், என் கையெழுத்தில் இருக்கும் பிரதி. மாரிமுத்து ஒரு பிழையும் விடவில்லை, நான் சொன்ன மூன்றையும் அப்படியே செய்தார் என்றும் சொன்னேன். செல்லம்மாவைப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

"இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா. புலின்னே சொல்லலாம்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"வாயில ஏறிப்போச்சுங்க" என்றார். பிறகு, "உக்காருங்கய்யா" என்றார்.

உட்கார்ந்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க" என்றார் செல்லம்மா. "அந்த டெலிபோன்ல பேசுனா ஆபீசு முழுக்கக் கேக்கும். பெருசான்னு நீங்க கேட்டது எனக்கும் கேட்டுச்சு. எங்கிட்டக் குடுக்கச் சொல்லுவீங்கன்னு கைய நீட்டுனேன். கிளார்க்கையா அதக் கீழ வெச்ச பெறகும், நீட்டிக்கிட்டேதாங்க நின்னேன்."